யூபிஎஸ் பைபாஸும் தொலைக் கண்காணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டின் ஸ்கேன் சென்டரிலிருந்து அம்பை பக்கத்து அரிசி ஆலை வரை, வள்ளியூர் வங்கிக் கிளையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட் கம்பெனி வரை, 6 முதல் 40 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. வீட்டு இன்வெர்ட்டருக்கு இது பொருந்தாது. யூபிஎஸ்ஸைத் திறந்து வேலை பார்ப்பதைப் பயிற்சி உள்ளவர்தான் செய்யவேண்டும். ஆனால் அவர் என்ன செய்கிறார், எந்த வரிசையில் செய்கிறார் என்பது இடத்துக்குப் பொறுப்பானவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

பைபாஸ் என்றால் என்ன? ஸ்டாட்டிக் பைபாஸும் மெயின்டெனன்ஸ் பைபாஸும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஆன்லைன் யூபிஎஸ்ஸில் ஈ.பி. கரண்ட் முதலில் டிசியாக மாறுகிறது, பிறகு இன்வெர்ட்டர் அதைப் புது ஏசியாக்கி லோடுக்கு, அதாவது யூபிஎஸ்ஸில் மாட்டிய கருவிகளுக்கு, தருகிறது. இந்த இரண்டையும் தாண்டி ஈ.பி. நேராக லோடுக்குப் போகிற வழிதான் பைபாஸ்.

ஸ்டாட்டிக் பைபாஸ் யூபிஎஸ்ஸின் உள்ளேயே இருக்கிறது. முதுகோடு முதுகாக வைத்த இரண்டு தைரிஸ்டர்கள்தான் அதன் ஸ்விட்ச். இன்வெர்ட்டருக்கு ஏதாவது ஆனால், ஆள் தொடாமலே நான்கு மில்லிசெகண்டுக்குள் லோடை ஈ.பி.க்கு மாற்றிவிடும். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி பொதுவாக 10 முதல் 20 மில்லிசெகண்ட் வரை தாங்கும் என்பதால் மானிட்டர்கூடச் சிமிட்டாது.

மெயின்டெனன்ஸ் பைபாஸ் கையால் போடுகிற ஸ்விட்ச். யூபிஎஸ்ஸை முழுக்க அணைத்து, கழற்றி, சர்வீஸுக்கு வெளியே எடுத்துப் போனாலும் லோடு ஓடவேண்டும் என்பதற்காக இருக்கிறது. சிறிய யூபிஎஸ்ஸில் இது முதுகுப் பக்கம் ஒரு மூடிக்குள் இருக்கும். பெரியதில் சுவரில் தனிப் பேனலாக இருக்கும்.

பைபாஸில் இருந்தாலும் எல்லாம் ஓடத்தானே செய்யுது? அப்புறம் ஏன் இவ்வளவு பதற்றம்?

ஓடத்தான் செய்கிறது. ஆபத்தே அதுதான். பைபாஸில் நிற்கும் யூபிஎஸ்ஸைப் பார்த்தால் நல்ல யூபிஎஸ் மாதிரியே இருக்கும். விளக்கு எரியும், விசிறி சுற்றும், பில் போடும் கம்ப்யூட்டர் ஓடும். பேட்டரி முழுச் சார்ஜில் நிற்கும். ஆனால் அடுத்த மின்வெட்டில் லோடு அந்த நொடியே அணைந்துவிடும், ஏனென்றால் லோடுக்கும் பேட்டரிக்கும் இடையில் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. ஈ.பி.யில் வருகிற சர்ஜும் லோ வோல்டேஜும் வடிகட்டாமல் அப்படியே லோடுக்குப் போகும். ஐப்பசி இடி நேரத்தில் பைபாஸில் நின்ற யூபிஎஸ்ஸுக்குப் பின்னால் இருந்த சர்வருக்கு, யூபிஎஸ்ஸே இல்லாத சர்வருக்கு இருக்கிற பாதுகாப்புதான் உண்டு.

அதனால்தான் ஒரே ஒரு அலாரம்தான் வைக்க முடியும் என்றால் பைபாஸ் அலாரத்தை வையுங்கள் என்று சொல்கிறோம். கரண்ட் போனது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பைபாஸ் யாருக்கும் தெரியாது, வாரக்கணக்கில்கூடத் தெரியாமல் கிடக்கும்.

தானாகவே பைபாஸுக்குப் போவது எதனால்?

முதல் காரணம் ஓவர்லோடு. அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 110 சதவீதம் வரை சில நிமிடம், 125 சதவீதத்தில் ஒரு நிமிடம், 150 சதவீதத்தில் சில நொடிகள் என்பது பொதுவான கணக்கு. அலுவலகங்களில் குற்றவாளி பெரும்பாலும் லேசர் பிரிண்டர்தான். உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடாகும்போது ஒரு பிரிண்டரே ஆயிரம் வாட் வரை இழுக்கும், காலை 10 மணிக்கு நான்கு பிரிண்டர் சேர்ந்து விழித்தால் யூபிஎஸ் தாங்காது. பல் மருத்துவமனையில் ஆட்டோகிளேவ், ஆபீஸ் பேன்ட்ரியில் கெட்டில். இவற்றை யூபிஎஸ் சாக்கெட்டிலிருந்து எடுத்து ஈ.பி. சாக்கெட்டில் போடுங்கள்.

இரண்டாவது, லோடு பக்கத்தில் ஷார்ட். இன்வெர்ட்டரால் பெரிய ஷார்ட் கரண்ட் தரமுடியாது, எம்சிபியை விழவைக்க ஈ.பி. கரண்ட் வேண்டும், அதற்காகவே யூபிஎஸ் பைபாஸுக்குத் தாவுகிறது. இது பழுதில்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மூன்றாவது சூடு. ஃபில்டரில் தூசி அடைத்து, ஃபேன் நின்று, சித்திரை வெயிலில் ஹீட்சிங்க் சூடேறினால் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள ஒதுங்கும். நான்காவதுதான் உண்மையான இன்வெர்ட்டர் பழுது.

ஒன்று கவனியுங்கள். ஓவர்லோடு நீங்கியதும் பெரும்பாலான யூபிஎஸ் தானே இன்வெர்ட்டருக்குத் திரும்பும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் பல முறை இப்படிப் போய்வந்தால் "இனி நான் திரும்பமாட்டேன்" என்று பைபாஸிலேயே பூட்டிக்கொள்ளும் மாடல்கள் உண்டு. அப்போது ஆள் போய் ரீசெட் செய்தால்தான் உண்டு. மறக்கப்பட்ட பைபாஸ்களில் நிறைய இந்த வகைதான்.

டிஸ்ப்ளேயில் "பைபாஸ் இல்லை" என்று வருகிறதே?

பைபாஸ் பாதையில் வரும் ஈ.பி. கரண்ட் யூபிஎஸ் வைத்திருக்கும் வரம்புக்குள் இல்லை என்று பொருள். வரம்பு பெரும்பாலும் 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 10 சதவீதம், அதாவது 207 முதல் 253 வரை. ஃப்ரீக்வன்சி 50 ஹெர்ட்ஸுக்கு மேலும் கீழும் 1 முதல் 3 வரை. இந்த நிலையில் இன்வெர்ட்டர் கைவிட்டால் லோடு அணைந்துவிடும், அல்லது ஒரு சிறு வெட்டோடு மாறும். அதனால் இதைச் சின்ன எச்சரிக்கை என்று ஒதுக்காதீர்கள்.

நம் பக்கத்தில் மூன்று சந்தர்ப்பங்களில் இது வரும். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் தென்னை மட்டை லைனில் விழுவதும் கம்பி உரசுவதும் வோல்டேஜைத் தள்ளாட வைக்கும், அது தானே சரியாகும். ஜெனரேட்டர் ஓடும்போது இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் சரியில்லாமல் ஃப்ரீக்வன்சி 48க்கும் 52க்கும் ஊசலாடினால் வரும், அதற்குக் கவர்னரைத்தான் சரிசெய்யவேண்டும். வரம்பை அகலமாக்கி அலாரத்தை அடக்குவது கடைசி வழி. மூன்றாவது, லைன் வேலைக்குப் பிறகு மூன்று பேஸ் யூபிஎஸ்ஸில் வருவது. டிரான்ஸ்பார்மரிலோ கம்பத்திலோ இரண்டு பேஸ் மாற்றிக் கட்டப்பட்டிருக்கும். மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பார்த்தால் உடனே புரியும். பேஸ் சீக்வென்ஸ் மீட்டர் வைத்து உறுதிசெய்து, இன்கமரில் (ஈ.பி. உள்ளே வரும் பிரேக்கரில்) இரண்டு ஒயரை மாற்றுவதுதான் தீர்வு. மின்வாரிய ஊழியரிடம் முதலில் கேளுங்கள், அவர் அதைத் திருப்பிச் சரிசெய்யும் எண்ணத்தில் இருந்தால் நீங்கள் மாற்றியது மறுபடி தப்பாகிவிடும்.

மெயின்டெனன்ஸ் பைபாஸுக்கு மாற்றும் வரிசை என்ன?

பேனலில் நான்கு பிரேக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கியூ1 ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பகுதி) இன்புட், கியூ2 ஸ்டாட்டிக் பைபாஸ் இன்புட், கியூ3 மெயின்டெனன்ஸ் பைபாஸ், கியூ4 யூபிஎஸ் அவுட்புட். உங்கள் பேனலில் பெயர் வேறாக இருக்கலாம், வரிசை மாறாது.

1. டிஸ்ப்ளேயில் பைபாஸ் வோல்ட், ஃப்ரீக்வன்சி, லோடு சதவீதம் மூன்றையும் பார்த்துத் தாளில் எழுதுங்கள். பைபாஸ் வரம்புக்குள் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.
2. மெனுவில் போய் யூபிஎஸ்ஸை ஸ்டாட்டிக் பைபாஸுக்கு மாற்றுங்கள். இன்வெர்ட்டர் விளக்கு அணைந்து பைபாஸ் விளக்கு நிலையாக எரியவேண்டும். சிமிட்டினால் மாறவில்லை என்று பொருள்.
3. மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து, திறந்து நிற்கும் கியூ3இன் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரே பேஸ் என்றால் 0 முதல் 5 வோல்ட் காட்டும். 400 காட்டினால் இரண்டு பக்கமும் வெவ்வேறு பேஸ். 230 காட்டினால் ஒரு பக்கம் கரண்டே இல்லை, அல்லது பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது. 5க்கு மேல் எது காட்டினாலும் கியூ3ஐத் தொடாதீர்கள். மூன்று பேஸ் என்றால் மூன்றையும் தனித்தனியாக அளக்கவேண்டும்.
4. கியூ3ஐப் போடுங்கள். கிளாம்ப் மீட்டரைக் கியூ3 ஒயரில் மாட்டினால் லோடு கரண்டில் ஒரு பங்கு அதில் ஓடுவது தெரியும்.
5. கியூ4ஐ இறக்குங்கள். இப்போது முழுக் கரண்டும் கியூ3 வழியாகப் போகும்.
6. யூபிஎஸ்ஸை ஷட்டவுன் செய்து, பேட்டரி பிரேக்கர், கியூ1, கியூ2 இறக்குங்கள். பூட்டு மாட்டி அட்டை தொங்கவிடுங்கள்.
7. 10 நிமிடம் காத்திருந்து, டிசி பஸ்ஸை (உள்ளே டிசி ஓடும் கம்பிப்பட்டையை) அளந்து பார்த்த பிறகே உள்ளே கைவையுங்கள். கெப்பாசிட்டர் இறங்கினாலும் பேட்டரி முனையில் 200 வோல்ட் டிசி அப்படியே இருக்கும். 16 பேட்டரி சேர்ந்தால் அது ஆளைக் கொல்லும் அளவு.

மூன்றாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஆகிற நேரம் அரை நிமிடம்.

திரும்ப எடுப்பது இதையே தலைகீழாகச் செய்வதுதானா?

கிட்டத்தட்ட, ஆனால் பேட்டரி விஷயத்தில் இல்லை. முதலில் கியூ2, கியூ1 போடுங்கள். யூபிஎஸ் விழித்து, டிசி பஸ் முழு வோல்ட்டுக்கு ஏறும்வரை பொறுங்கள். அதன்பின்தான் பேட்டரி பிரேக்கர். காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் மேல் பேட்டரியைப் போட்டால் பெரிய பொறி பறக்கும், பேட்டரி ஃபியூஸ் போகும், பிரேக்கரின் கான்டாக்ட் கருகும்.

அடுத்து யூபிஎஸ் ஸ்டாட்டிக் பைபாஸில் நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். சில மாடல்கள் தானாக அவுட்புட் தராது, மெனுவில் சொல்லவேண்டும். கியூ4இன் இரு முனைகளுக்கு இடையே மறுபடி அதே அளவீடு, 5 வோல்ட்டுக்குள். கியூ4 போட்டு, கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பகிர்வதைப் பார்த்து, கியூ3ஐ இறக்கிப் பூட்டுங்கள். கடைசியாக இன்வெர்ட்டரை ஆன் செய்யுங்கள்.

வேலை இங்கே முடியவில்லை. டிஸ்ப்ளேயில் இன்வெர்ட்டர் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்து, தொலைக் கண்காணிப்பிலும் "நார்மல்" என்று வந்ததைப் பார்த்த பிறகே சர்வீஸ் ஆளுக்கு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுங்கள். சர்வீஸ் முடிந்து கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் யூபிஎஸ் பைபாஸிலேயே விடப்படுவது உண்மையில் நடக்கிறது.

இன்வெர்ட்டர் ஓடும்போதே கியூ3 போட்டுவிட்டால்?

இன்வெர்ட்டரின் அவுட்புட் மேல் ஈ.பி. நேராக வந்து மோதும். இரண்டும் ஒரே வோல்ட், ஒரே கணத்தில் ஏறி இறங்கினால்கூட இன்வெர்ட்டரால் ஈ.பி.யை எதிர்த்து நிற்கமுடியாது. இன்வெர்ட்டரின் பவர் ஸ்விட்சான ஐஜிபிடி வெடிக்கும், கூடவே டிரைவர் போர்டும் போகும். தைரிஸ்டர் தப்பினால் அதிர்ஷ்டம்.

இதைத் தடுக்கத்தான் கியூ3 மூடியில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது. மூடியைக் கழற்றினாலே அல்லது ஸ்விட்ச் திரும்பத் தொடங்கினாலே அது யூபிஎஸ்ஸுக்குச் செய்தி சொல்லி, இன்வெர்ட்டரை அணைத்து ஸ்டாட்டிக் பைபாஸுக்கு மாற்றிவிடும். வெளிப் பேனலில் இதே வேலையைக் கியூ3இன் ஆக்ஸிலரி கான்டாக்ட் (பிரேக்கரின் நிலையைச் சொல்லும் துணைத் தொடர்பு) செய்யவேண்டும், அது மெயின் கான்டாக்டுக்கு முன்பாக மாறும் வகையாக இருக்கவேண்டும். அந்த இரண்டு மெல்லிய ஒயரை இழுக்காமல் விட்ட பேனல்கள் நம் ஊரில் எத்தனையோ. உங்கள் பேனலில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். மருத்துவமனை போன்ற இடத்துக்குச் சாவி இன்டர்லாக் இன்னும் நல்லது. யூபிஎஸ் ஸ்டாட்டிக் பைபாஸில் இருந்தால்தான் சாவி வெளியே வரும், அந்தச் சாவி இருந்தால்தான் கியூ3 திரும்பும்.

கடையில் கிடைக்கிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்டால் போதாதா, அண்ணாச்சி?

வேலை நடக்கும், ஆனால் லோடு அணைந்து எரியும். ஜெனரேட்டருக்குப் போடும் சேஞ்ச் ஓவர், ஒரு பக்கத்தை விட்டபிறகே மறுபக்கத்தைத் தொடும். நடுவில் இருக்கும் இடைவெளியில் கம்ப்யூட்டர் விழுந்துவிடும். ஞாயிறு அன்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாற்றுகிற சின்ன அலுவலகத்துக்கு அது போதும், தப்பே செய்யமுடியாத ஏற்பாடும் அதுதான். லேப், ஐசியூ, சர்வர் ரூமுக்கு விடுவதற்கு முன்பே தொடுகிற கேம் ஸ்விட்ச் அல்லது மேலே சொன்ன நான்கு பிரேக்கர் பேனல் வேண்டும்.

20 கேவிஏ யூபிஎஸ், மூன்று பேஸ் உள்ளே, ஒரு பேஸ் வெளியே. பைபாஸுக்குப் போனாலே இன்கமர் விழுகிறது. ஏன்?

அடிக்கடி வரும் கேள்வி. யூபிஎஸ்ஸில் குறையில்லை, ஒயரிங்கில்தான் குறை. சாதாரணமாக ஓடும்போது 20 கேவிஏ மூன்று பேஸிலும் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 29 ஆம்பியரும் சார்ஜர் இழுப்பும் சேர்ந்து சுமார் 35 ஆம்பியர் ஓடும். அதைப் பார்த்துவிட்டு 40 அல்லது 63 ஆம்பியர் நான்கு போல் எம்சிபி போட்டிருப்பார்கள். பைபாஸுக்குப் போனதும் முழு லோடும் ஒரே பேஸில், வழக்கமாக ஆர் பேஸில் விழும். 20,000ஐ 230ஆல் வகுத்தால் 87 ஆம்பியர். எம்சிபி விழத்தானே செய்யும்?

பைபாஸ் இன்புட்டுக்குத் தனியாக 100 ஆம்பியர் பிரேக்கரும் 35 சதுர மி.மீ. தாமிரக் கேபிளும் மெயின் பேனலிலிருந்து இழுக்கவேண்டும். நியூட்ரலும் அதே அளவு தடிமனாக வேண்டும், அரை அளவு நியூட்ரல் கூடவே கூடாது. ஜெனரேட்டரும் ஒரே பேஸில் 87 ஆம்பியர் தரும் அளவு இருக்கவேண்டும். 10 கேவிஏ ஒரு பேஸ் யூபிஎஸ்ஸுக்குக் கணக்கு எளிது. 43 ஆம்பியர், 63 ஆம்பியர் எம்சிபி, 16 சதுர மி.மீ. கேபிள்.

நியூட்ரலை ஸ்விட்சில் வெட்டலாமா?

லோடு ஓடும்போது கூடாது. மூன்று பேஸ் அவுட்புட்டில் நியூட்ரல் ஒரு கணம் விட்டுப்போனாலும் லேசான லோடு இருக்கும் பேஸில் வோல்ட் 400 பக்கம் ஏறும், அந்தப் பேஸில் இருப்பதெல்லாம் புகையும். மெயின்டெனன்ஸ் பைபாஸ் பேனலில் நியூட்ரல் லிங்க்காகவே போகட்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று இரண்டு நிலையிலும் அளந்து பாருங்கள், பைபாஸில் ஒரு முறை, இன்வெர்ட்டரில் ஒரு முறை. ஒன்றில் சரியாக இருந்து மற்றதில் ஏறினால் எங்கோ நியூட்ரல் நட்டு தளர்ந்திருக்கிறது.

தொலைவிலிருந்து பார்க்க எந்த வழி நல்லது?

யூபிஎஸ்ஸின் முதுகில் மூன்று வகை வாசல் இருக்கும். டிரை கான்டாக்ட் என்பது வெறும் ரிலே. மின்தடை, பேட்டரி லோ, பைபாஸ், ஃபால்ட் என்று நான்கு செய்தி, அவ்வளவுதான். ஆனால் அதற்கு நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். ஒரு சிம் போட்ட ஜிஎஸ்எம் அலாரப் பெட்டியில் மாட்டினால் எஸ்எம்எஸ் வரும். களக்காடு மலையடிவாரத்தில் நெட் தள்ளாடும் இடத்திலும் எஸ்எம்எஸ் வந்து சேர்ந்துவிடும். நல்ல நிலையில் மூடியிருக்கும் கான்டாக்டைத் தேர்ந்தெடுங்கள். எலி ஒயரைக் கடித்தாலும் சர்க்யூட் திறந்து அலாரம் வந்துவிடும்.

ஆர்எஸ்485 என்ற இரண்டு ஒயர் வழியாக மோட்பஸ் மொழியில் பேசுவது, ஏற்கெனவே ஆலையில் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி வைத்திருப்பவர்களுக்கு. 9600 வேகம், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் என்பது வழக்கம். பதில் வரவில்லையென்றால் முதலில் ஏ, பி ஒயரை மாற்றிப் பாருங்கள். வருகிற எண் சம்பந்தமில்லாததாக இருந்தால் ரெஜிஸ்டர் எண் ஒன்று தள்ளியிருக்கும். கேபிள் முறுக்கிய ஜோடியாக, கவசத்தோடு இருக்கட்டும். கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், இரு கடைசி முனைகளிலும் 120 ஓம் போடுங்கள். பவர் கேபிள் போகும் அதே பைப்பில் இழுக்காதீர்கள்.

எஸ்என்எம்பி கார்டு, அதாவது யூபிஎஸ்ஸின் நிலையை நெட்வொர்க்கில் சொல்லும் கார்டு, நெட்வொர்க் இருக்கும் எல்லோருக்கும். பல கிளைகளை ஒரே இடத்திலிருந்து பார்க்க இதைவிட வசதி இல்லை.

எஸ்என்எம்பியில் எந்தெந்த எண்ணைக் கேட்கவேண்டும்?

யூபிஎஸ்களுக்கென்று 1994இல் வந்த பொதுத் தரம் ஆர்எஃப்சி 1628. கார்டு அதற்கு ஒத்துப்போனால் எந்தக் கம்பெனி யூபிஎஸ்ஸாக இருந்தாலும் ஒரே எண்கள்தான்.

முதன்மையானது 1.3.6.1.2.1.33.1.4.1.0. லோடுக்குக் கரண்ட் எங்கிருந்து போகிறது என்று சொல்லும். 3 வந்தால் நார்மல், 4 பைபாஸ், 5 பேட்டரி, 2 என்றால் அவுட்புட்டே இல்லை. இந்த ஒரு எண்ணை 30 நொடிக்கு ஒரு முறை கேட்டு, 3 அல்லாத எதற்கும் செய்தி அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

பேட்டரி நிலைக்கு 1.3.6.1.2.1.33.1.2.1.0. அதில் 2 நல்லது, 3 லோ, 4 தீர்ந்தது. இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதற்கு அதே எண்ணின் கடைசி 2.1.0க்குப் பதில் 2.3.0, பேட்டரி வோல்ட்டுக்கு 2.5.0, பேட்டரி சூட்டுக்கு 2.7.0. வோல்ட் பத்தில் ஒரு பங்காக வரும், 2184 என்று வந்தால் 218.4 வோல்ட். இதைத் தெரியாமல் 2184 வோல்ட்டா என்று பதறுபவர்கள் உண்டு.

கார்டு தானாக அனுப்பும் ட்ராப் செய்தியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ட்ராப் யுடிபி 162இல் ஒரு முறை வந்து போய்விடும், வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். கேட்டு வாங்குவதும் வேண்டும், ட்ராப்பும் வேண்டும்.

மெயின்டெனன்ஸ் பைபாஸில் இருப்பதை மானிட்டர் காட்டவில்லையே?

காட்டாது. அந்த மெல்லிய ஒயர் இழுக்காத வெளிப் பேனலில் கியூ3 போட்டிருப்பது யூபிஎஸ்ஸுக்கே தெரியாது. யூபிஎஸ் அணைந்திருந்தால் கார்டும் அணைந்திருக்கும். யூபிஎஸ் ஓடிக்கொண்டு கியூ4 மட்டும் இறங்கியிருந்தால் "நார்மல், லோடு 0 சதவீதம்" என்று நல்லபிள்ளையாகச் சொல்லும். அதனால் கியூ3, கியூ4 இரண்டின் ஆக்ஸிலரி கான்டாக்டையும் எஸ்என்எம்பி கார்டின் கூடுதல் இன்புட்டிலோ ஜிஎஸ்எம் பெட்டியிலோ இணைத்துவிடுங்கள். அதோடு, லோடு வழக்கமாக 40 சதவீதம் ஓடும் இடத்தில் திடீரென்று 5க்குக் கீழே போனால் அலாரம் என்று ஒரு விதியும் எழுதுங்கள்.

கரண்ட் போனால்தான் செய்தி வரவேண்டும். அப்போதுதான் வருவதே இல்லை!

ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் யூபிஎஸ் சாக்கெட்டில் இல்லை, அதுதான் காரணம். வரவேற்பறையில் சாதாரண சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். யூபிஎஸ்ஸிலிருந்து ரூட்டர் வரை இடையில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சையும் பின்தொடர்ந்து பாருங்கள், ஒன்று விட்டாலும் செய்தி நிற்கும். அதற்கு அப்பால், யூபிஎஸ்ஸே விழுந்தால் ரூட்டரும் விழும். அதற்கு மருந்து, செய்தி வராததையே அலாரமாக எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு கிளையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று சொல்லவேண்டும், மூன்று முறை சொல்லாவிட்டால் தலைமையிடத்தில் மணி அடிக்கவேண்டும். நீண்ட மின்தடையில் செல்போன் டவரின் பேட்டரியும் தீரும் என்பதால் நெட், எஸ்எம்எஸ் இரண்டு வழியும் வைப்பது நல்லது.

எதற்கெல்லாம் அலாரம் வைப்பது? நாள் முழுக்க மெசேஜ் வந்தால் யாரும் பார்ப்பதில்லை.

சரியான கவலை. பேட்டரிக்கு மாறினால் 60 நொடி பொறுத்து அனுப்புங்கள், அரை நொடி மினுக்கத்துக்கு யாரும் எழுந்திருக்கவேண்டாம். பைபாஸ் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் உடனே, நார்மலுக்குத் திரும்பும்வரை அரை மணிக்கு ஒரு முறை மறுபடியும். பேட்டரி லோ, ஃபால்ட், தண்ணீர் சென்சார் ஆகியவை பொறுக்காமல். அறைச் சூடு 32 டிகிரி தாண்டினால். எந்த அலாரத்துக்கும் இரண்டு பேர் இருக்கட்டும், அதில் ஒருவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும். சென்னையில் இருப்பவர் போனில் பார்த்து என்ன செய்யமுடியும்?

தொலைவிலிருந்தே பைபாஸுக்கு மாற்றலாமா, அணைக்கலாமா?

முடியும் என்றாலும் அந்த வசதியை அடைத்துவிடுங்கள். படிக்கும் உரிமை மட்டும் போதும். எஸ்என்எம்பியின் "பப்ளிக்", "பிரைவேட்" என்ற ஆரம்பச் சொற்களை மாற்றுங்கள், முடிந்தால் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். கார்டின் வெப் பக்கத்தை ரூட்டரில் போர்ட் திறந்து இன்டர்நெட்டில் விடவே கூடாது. வெளியிலிருந்து பார்க்க விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழி. ஐசியூவின் கரண்டை முகம் தெரியாத ஒருவர் அணைக்கும் வாய்ப்பை நாமே கொடுக்கக்கூடாது.

பேட்டரியை எப்படிக் கண்காணிப்பது? வோல்ட் சரியாகத்தானே காட்டுகிறது?

மொத்த வோல்ட் ஏமாற்றும். 16 பேட்டரி வரிசையில் 96 செல். செல்லுக்கு 2.27 வீதம் 218 வோல்ட் ஃப்ளோட், அதாவது முழுச் சார்ஜில் நிற்கும்போது சார்ஜர் தரும் வோல்ட். ஒரு பேட்டரி 12.6க்கு இறங்கி, மற்றவை கொஞ்சம் கொஞ்சம் ஏறினால் மொத்தம் அதே 218தான். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். மற்றவற்றிலிருந்து அரை வோல்ட்டுக்கு மேல் விலகுவது சந்தேகக்காரன். ஓடும் லோடில் 10 நிமிடம் டிஸ்சார்ஜ் செய்து பார்க்கும்போது அது இன்னும் தெளிவாகத் தெரியும், மற்றவை 12இல் நிற்க அது மட்டும் 10க்கு விழும். ஜெனரேட்டர் தயாராக இருக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

விஆர்எல்ஏ என்ற தண்ணீர் ஊற்றாத பேட்டரிக்கு 25 டிகிரிதான் பிடிக்கும். ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் பாதியாகும். மாடிப்படிக்கு அடியில், கதவடைத்த அறையில், மே மாதத்தில் 35 டிகிரியில் வைத்த ஐந்தாண்டு பேட்டரி இரண்டரை ஆண்டில் போனால் பேட்டரிக் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. சார்ஜருக்கு சூட்டுச் சென்சார் மாட்டியிருக்கிறதா பாருங்கள். டிகிரிக்குச் செல்லுக்கு 3 மில்லிவோல்ட் குறைக்கவேண்டும், 35 டிகிரியில் அந்த வரிசைக்கு 3 வோல்ட் அளவு.

அறையில் வேறு எதைக் கவனிக்கவேண்டும்?

பல்லி. எஸ்என்எம்பி கார்டு போடும் பொந்தின் தகட்டைக் கழற்றிவிட்டு மூடாமல் விட்டால் கதகதப்புக்கு உள்ளே போய் போர்டின் மேல் படுத்துவிடும். தகட்டைத் தொலைத்தால் மெல்லிய கம்பிவலை வைத்தாவது மூடுங்கள். உவரி, கூத்தங்குழி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று டெர்மினலில் பச்சை பூக்கவைக்கும், பெட்ரோலியம் ஜெல்லி தடவி ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்கவேண்டும்.

தண்ணீரை இனி யாரும் லேசாக எடுக்கமாட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரையேறி நெல்லை ஜங்ஷன் பகுதியில் தரைத்தளங்கள் மூழ்கின. பேட்டரி ஸ்டாண்டின் கீழ் அடுக்கு தரையிலிருந்து நான்கு விரல்கூட இருப்பதில்லை, வெள்ளம் வந்தால் முதலில் நனைவது 200 வோல்ட் டிசிதான். ஆற்றோரப் பகுதியில் புதிதாக வைப்பவர்கள் முதல் மாடியில் வையுங்கள், தளம் எடையைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு. தரைத்தளம்தான் வழி என்றால் மேடை கட்டி ஏற்றி, மேடைக்குக் கீழே தண்ணீர் சென்சாரை டிரை கான்டாக்டில் இணையுங்கள். நனைந்த பேட்டரியைத் துடைத்துப் போடாதீர்கள். பிரேக்கர் இறக்காத நிலையில் தண்ணீரில் நிற்கும் அறைக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

பைபாஸைச் சோதித்துப் பார்க்கவேண்டுமா? எத்தனை நாளுக்கு ஒரு முறை?

ஸ்டாட்டிக் பைபாஸை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெனுவிலிருந்து மாற்றித் திருப்புங்கள், வேலை குறைந்த நேரத்தில். அப்போதே அலாரம் வருகிறதா, யார் போனுக்கு வருகிறது, எத்தனை நொடியில் என்று எழுதுங்கள். மெயின்டெனன்ஸ் பைபாஸ் ஆண்டுக்கு ஒரு முறை, சர்வீஸ் ஆள் இருக்கும்போது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் இரண்டையும் செய்யாதீர்கள், பைபாஸில் இருக்கும்போது ஈ.பி. போனால் கதை முடிந்தது.

பேனல் கதவில் என்ன ஒட்டவேண்டும்?

மேலே சொன்ன ஏழு படி, திரும்ப எடுக்கும் படிகள், பெரிய எழுத்தில், தமிழில், லேமினேட் செய்து. கியூ எண்களுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் பிரேக்கரிலும் ஸ்டிக்கர். கடைசியாக எப்போது பைபாஸுக்கு மாற்றப்பட்டது, எத்தனை மணிக்குத் திரும்பியது, யார் மாற்றினார் என்று எழுத நான்கு கட்டம் போட்ட தாள், நூலில் கட்டிய பேனா. திரும்பிய நேரம் எழுதாத வரி ஒன்று இருந்தால், வாட்ச்மேன்கூடப் பார்த்துக் கேட்கலாம்: இன்னும் பைபாஸிலா இருக்கு?